அடைப்புக்குறி

இல்லீங்கண்ணா, நான் யாரையும் கூட்டியாரல. பரீட்சை எழுத வந்ததே நாந்தான். அட, எதுக்குங்க சங்கடப்படறீங்க? இந்த நரைச்ச தலையப் பாத்தா யாரும் அப்படித்தான் கேப்பாங்க. போன தடவை கேட்டுல நின்ன வாட்ச்மேன், "பெத்தவங்க எல்லாம் அக்கட்ட நில்லுங்க"ன்னு என்னையப் புடிச்சு ஓரங்கட்டிட்டான். ஹால் டிக்கெட்டக் காட்டுனதுக்கப்பறந்தான் "போங்க சார்"னு விட்டான். சொல்லும்போது சிரிச்சானான்னு நான் திரும்பிப் பாக்கல.

உங்க பாப்பா உள்ள போயிருச்சுங்களா? சந்தோசம். நானும் போறேன், அவசரமில்லை. மணியடிச்சாலும் அரை மணி நேரத்துக்கு உள்ள விடுவாங்க. இந்தக் காலேஜு எனக்கு அத்துப்படிங்க. எந்த ரூம்ல பேன் சுத்தாது, எந்த பெஞ்சு ஆடும், எல்லாந் தெரியும். முன்னாடியே போயி நின்னா சின்னப் பசங்க கடைசி நேரத்துல ஒப்பிச்சு ஒப்பிச்சு நம்மளையும் கொழப்பிருவாங்க. இந்தப் புங்கமரத்து நெழலு நல்லாருக்குது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

பையில கோபிக் கடைப் பேரு பாத்தேன். ஊரு கோபிங்களா? நான் திருப்பூரு. பேரு சண்முகசுந்தரம்.

பாப்பாவுக்கு மொத அட்டெம்ப்ட்டுங்களா? ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. பெயிலானா வெசனப்படாதீங்க. சி.ஏ. படிப்புல மொதத் தடவையே பாஸாகறவங்களுக்கு எல்லாம் மேலோட்டமாத்தான் தெரியும். எங்களாட்ட திரும்பத் திரும்பப் படிச்சவங்களுக்குத்தான் அடி ஆழம் தெரியும். எங்கூட ஒரே ஆடிட்டர் ஆபீசுல வேலை பழகுனவன் அருணகிரின்னு ஒருத்தன். மொதத் தடவையே பாஸாயிட்டான். இப்பப் பெரிய ஆபீசு, காரு, பங்களா. இன்னைக்கும் சட்டத்துல ஏதாச்சும் ஒரு செக்சன் கேட்டீங்கன்னா, "இரு, பாத்துச் சொல்றேன்"ம்பான். எனக்குப் பாக்க வேண்டியதே இல்லைங்க. எல்லாம் மனப்பாடம்.

எனக்கு எத்தனாவது அட்டெம்ப்ட்டுன்னு மட்டும் கேக்காதீங்க. சி.ஏ. படிக்கறவன்கிட்ட வயசக் கேக்கலாம், சம்பளத்தக் கேக்கலாம், அதக் கேக்கக் கூடாது. இன்டர் எப்பவோ முடிச்சாச்சு. பைனல்ல மொத குரூப்பும் முடிச்சாச்சு. ரெண்டாவது குரூப்புதான் பாக்கி. அதுலயும் மத்த தாளெல்லாம் இந்த வாரம் எழுதிட்டேன். நல்லாவே எழுதியிருக்கேன். இன்னைக்கு எழுதறது கடைசித் தாளு. இது எழுதிட்டா எல்லாம் முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னா… முடிஞ்சுதுதான். இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

நான் ஒரு பனியன் கம்பெனியில கணக்குப் பாக்கறேனுங்க. மொதலாளி என்னைய "ஆடிட்டரே"ன்னுதான் கூப்புடுவாரு. டெய்லருங்க, செக்கிங் பொம்பளைங்க, டீக்கடைக்காரரு, எல்லாருக்கும் நான் ஆடிட்டர்தான். சம்பளம் எச்சாக் கேட்டா, "ஆடிட்டரே, நீங்க பாஸ் பண்ணுங்க, நானே உங்களுக்கு ஆபீசு வெச்சுக் குடுக்கறேன்"ம்பாரு. நல்ல மனுசன். பரீட்சைக்கு லீவு கேட்டா ஒரு நாளும் மூஞ்சி சுளிச்சதில்லை. கம்பெனிக்கு நெசமான ஆடிட்டரு அந்த அருணகிரிதான். அவன் வர்ற அன்னிக்கு மட்டும் மொதலாளி, "சம்முகம், அந்த பைலக் கொண்டா"ம்பாரு. அதுவும் நாயந்தானுங்களே? ஒரே ரூம்ல ரெண்டு ஆடிட்டரு இருந்தா யாரக் கூப்புடறாருன்னு கொழப்பம் வருமில்லீங்க.

மணியடிக்குதுங்களா? ஆமா. அடிக்கட்டும். அது பேப்பர் குடுக்கற மணி. நமக்கு இன்னும் நேரமிருக்குது.

என்ற சம்சாரம் ரேணுகா தாராபுரத்துப் பக்கம். கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னாடி படிப்பப் போடுவாங்கல்ல? எனக்கு பி.காம். போட்டு, சி.ஏ. போட்டு, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள இன்டர்னு போடணும். பாதிக் கெணறு தாண்டியாச்சு, மீதி பாக்கின்னு அர்த்தம். எங்கப்பா அச்சாபீசுல நின்னுக்கிட்டு, "மங்கள காரியத்துல எதுக்குடா அடைப்பு? அதான் ரிசல்ட்டு வரப் போகுதல்ல"ன்னு அந்தக் குறியையும் எடுத்து, உள்ள இருந்ததையும் எடுக்கச் சொல்லிட்டாரு. எல்லாம் எங்கப்பா பண்ணுனதுங்க. ப்ரூப் மட்டும் நான் பாத்தேன். ஒரு எழுத்துப் பெழை இல்லாம பாத்துக் குடுத்தேன். ஒரம்பரைச் சொந்தக்காரரு ஒருத்தர் பேருல ஒரு கால் விட்டுப் போயிருந்ததக் கூடப் புடிச்சேன்னா பாருங்க. அடைப்புக்குறி இல்லாதது கண்ணுல படல. இல்லாதது எப்படிங்க கண்ணுல படும்?

எங்க தொழில்ல ஒரு தொகைய அடைப்புக்குறிக்குள்ள போட்டா அது நஷ்டம். குறிய எடுத்துட்டா அதே தொகை லாபமாயிரும். எங்கப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவரு காட்டுல வெவசாயம் பாத்தவரு.

என்ற மாமனாரு தாராபுரம் பூரா மாப்பிள்ளை ஆடிட்டருன்னு சொல்லி, எங்க தகுதிக்கு மீறியே சீரு செஞ்சாரு. ரேணுகாவும் எம்.காம். படிச்சவதான். யுனிவர்சிட்டியில ஏதோ ரேங்குன்னு சொன்னாங்க. ஆனா பொம்பளைப் புள்ளைங்க படிப்பு கல்யாணத்துக்குப் போடற நகையாட்டந்தானுங்களே. மேடையில போட்டுட்டு அப்பறம் பொட்டிக்குள்ள வெச்சுருவாங்க. வந்த கொஞ்ச நாள்லயே, நான் இன்னும் முடிக்கலேன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. ஒரு வார்த்தை கேக்கலீங்கண்ணா. அழுகலை, அப்பன் ஊட்டுக்குப் போறேன்னு சொல்லல. அன்னிக்கு நெனைச்சேன், இவளுக்கு என் மேல எத்தனை நம்பிக்கைன்னு.

எங்க ஊடு ஒரு ரூமும் சமையக்கட்டுந்தான். பரீட்சை மாசம் வந்துட்டா ரூமு எனக்கு. அவளும் எங்க பாப்பாவும் சமையக்கட்டுல இருந்துக்குவாங்க. பாப்பா அரிசி டப்பா மேல நோட்ட வெச்சு எழுதும். குக்கர் விசில் கூட விடாம ரேணுகா சட்டியிலதான் சோறாக்குவா. பழகிப் போச்சு அவங்களுக்கு. பாப்பா ரெண்டாவது படிக்கும்போது டீச்சரு, "உங்கப்பா என்ன பண்றாங்க"ன்னு கேட்டிருக்காங்க. "எங்கப்பா படிக்கறாங்க"ன்னு சொல்லியிருக்குது. கிளாசே சிரிச்சுப் போட்டுதாம். நானுஞ் சிரிச்சேன். இதச் சொல்லும்போது ரேணுகா மட்டும் சிரிக்கலீங்க. அவளுக்கு எப்பவுமே தமாசு கொஞ்சம் லேட்டாத்தான் புரியும்.

ஒரு நவம்பர்ல அவங்கம்மா சீக்கா ஆசுபத்திரியில கெடந்தாங்க. ரேணுகா பாப்பாவத் தூக்கிட்டுத் தனியாத்தான் போனா. நான் எப்படிப் போறது, சொல்லுங்க? அடுத்த வாரம் பரீட்சை. அவங்க கண்ண மூடுன அன்னிக்கும் எனக்கு ஒரு தாளு இருந்துது. கருமாதிக்கு மொத ஆளா நாந்தான் போயி நின்னேன். ஆனா பாருங்க, அந்த வெசனம் மனசுல பூந்துக்கிச்சு. அந்த அட்டெம்ப்ட்டு அப்படியே போச்சு. அவங்கம்மா ஒரு மாசம் பொறுத்திருந்தா நான் அன்னிக்கே ஆடிட்டருங்க. இத நான் ரேணுகாகிட்டச் சொன்னேன். குத்தமாச் சொல்லல, ஆதங்கத்துல சொன்னேன். அவ அடுப்பப் பாத்துட்டே இருந்தா.

என்னுங்க? போறேன், போறேன். நீங்க என்னைய முடுக்கி விடறதுலயே இருக்கீங்க. கேட்டு இன்னும் தொறந்துதான் கெடக்குது.

இந்தப் பொங்கலுக்கு அருணகிரி ஒரு வேலை கொண்டாந்தான். உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லு. அக்கவுண்ட்ஸ் மேனேஜரு. சம்பளம் நெம்ப எச்சு, குடியிருக்க மில்லுலயே ஊடு, பாப்பாவுக்கு ஸ்கூல் வேன். "போயிருடா சம்முகம். இன்னும் பரீட்சை பரீட்சைன்னு இருந்தீன்னா அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாயிரும்"னான். பாஸ் பண்ணுனவன் பேசறான், பேச மாட்டானா?

மூணு பேரும் ஒட்டுக்காப் போயிப் பாத்தோம். மில்லு மொதலாளி வயசானவரு, தங்கமாப் பேசுனாரு. "சித்திரை பொறந்ததும் வந்து சேந்துக்குங்க. மாசி முடியறதுக்குள்ள பதில் சொல்லிருங்க. ஒரே கண்டிசன். இனி பரீட்சைன்னு லீவு கேக்கக் கூடாது. வேலைன்னா வேலை"ன்னாரு. அப்பறம் ஊட்டக் காட்டுனாங்க. ரேணுகா சமையக்கட்டுல கொழாயத் தொறந்து, தண்ணியில கைய வெச்சுட்டே நின்னா, எதுக்குன்னு தெரியல. பாப்பா ஒரு ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிச்சு. "அப்பா, இங்க பேசினா உங்களுக்குக் கேக்குதா?"ன்னு உள்ளருந்து கேட்டுது. கேக்கலைன்னேன். கேக்கலைன்னதும் உள்ள ஒரே சிரிப்பு. என்னத்துக்கு அத்தனை சிரிப்போ.

திரும்பி வந்ததும் ரேணுகா பாத்திரத்தையெல்லாம் மூட்டை கட்டிட்டா. "ஏன்டி, நான் இன்னும் முடிவே பண்ணலையே"ன்னேன். அவ மூட்டைய அவுக்கல. வெளிய இருந்த ரெண்டு சட்டியில தையும் மாசியும் சமைச்சுப் போட்டா. பிடிவாதமுங்க! நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? யோசிக்கறேன்னு சொன்னேன். நல்லது கெட்டது பாக்க வேண்டாமா? ஒரு பக்கம் சம்பளம், ஊடு, வேனு. மறுபக்கம் ஆடிட்டருங்கற அந்த ஒரு வார்த்தை. அந்தக் கண்டிசனுக்குத் தலையாட்டிட்டா அப்பறம் சாகற வரைக்கும் நான் அடைப்புக்குறிக்குள்ளதானுங்க. பனியன் கம்பெனியில சம்பளம் கம்மிதான். ஆனா காலையில படியேறும்போது நாலு பேரு "வணக்கம் ஆடிட்டரே"ங்கறாங்க. அதுக்கு என்ன வெலை போடறது? நீங்களே சொல்லுங்க. நான் தராசுல இப்படி வெச்சுப் பாத்தேன், அப்படி வெச்சுப் பாத்தேன். மாசி ஓடிப் போச்சு.

கடைசியில ஒரு நல்ல முடிவா எடுத்து மில்லுக்குப் போன் போட்டேன். "இந்த மே மாசம் மட்டும் எழுதிக்கறேனுங்க, முடிச்சுட்டு ஆனியில வந்து சேந்துக்கறேன்"னேன். மில்லு மொதலாளி, "ஏனுங், ஊட்டுல சொல்லலீங்களா? அம்மணி அருணகிரிகூட வந்து பேசி, அவங்க பேருலயே வேலைக்கு ஆர்டரு வாங்கிட்டுப் போயாச்சே"ன்னாரு.

ஆமாங்கண்ணா. என்ற வேலைய. எனக்கு வந்த வேலைய. நான் யோசிச்சுட்டிருந்த வேலைய!

அவளுக்கு என்ன தெரியும்னு கேக்கறீங்களா? அதுதான் நானுங் கேட்டேன். பரீட்சை லீவுல ஆபீசு வேலை தேங்கக் கூடாதேன்னு லேப்டாப்ப ஊட்டுக்குக் கொண்டாந்துருவேன். அவதான் கணக்கெல்லாம் ஏத்துவா, ஜி.எஸ்.டி. போடுவா, வருசக் கணக்கும் முடிப்பா. நான் சொல்லிக் குடுத்ததுதான். இந்தக் கடைசி சில வருசமாச் சொல்லிக் குடுக்கல, அவளே பாத்துக்குவா. அதெல்லாம் ஒத்தாசைங்க. ஒத்தாசை பண்றவங்க எல்லாம் மேனேஜராயிர முடியுமா?

ஊட்டுக்குப் போனேன். சமையக்கட்டுல உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டிருந்தா. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"ன்னேன்.

"கேட்டா, மே கழியட்டும்பீங்க"ன்னா.

"உன்ற படிப்பு அதுக்குப் பத்துமா? அது மேனேஜர் வேலை."

அப்பத்தானுங்க தலை நிமுந்தா. கல்யாணமாயி வந்ததுல இருந்து பேசாத பேச்ச அன்னிக்குப் பேசுனா. "நம்ம பத்திரிகையில என்ற பேருக்குப் பின்னாடி அச்சடிச்சது அத்தனையும் நெசமுங்க"ன்னா.

அவ்வளவுதான். மறுக்காவும் வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சுட்டா. பாப்பா அரிசி டப்பாகிட்ட நின்னு என்னையவே பாக்குது. இத்தனை வருசமா அவ மறந்துட்டான்னு நெனைச்சுட்டிருந்தேனுங்க. மறக்கல. வாய மூடிட்டு இருந்திருக்கா. நெஞ்சுல அழுத்தம் புடிச்சவ. நம்பி ஒரு ஊட்டுல இருந்தேனே நான்!

பாப்பாவுக்கு முழுப் பரீட்சை முடிஞ்ச மறுநாளு குட்டியானை லோடு வண்டி வந்து நின்னுது. மூட்டைதான் ஏற்கெனவே கட்டி வெச்சிருந்தாளே. என்ற பொஸ்தகம், மேசை, கட்டிலு, அந்த ரெண்டு சட்டி, இதெல்லாம் விட்டுட்டா. வண்டியில ஏறும்போது சொன்னா: "உங்களைய வேண்டாம்னு போகல. மே மாசத்த நல்லாப் படிச்சு எழுதுங்க, ரூமு பூரா உங்களுக்குத்தான். கடைசித் தாளு எழுதுன அன்னிக்குப் பஸ் ஏறி அங்க வந்துருங்க. பாஸா பெயிலா, நான் ரிசல்ட்டே கேக்க மாட்டேன். ஸ்டோர்ஸுல உங்களுக்கு ஒரு வேலை சொல்லி வெச்சிருக்கேன். அன்னிக்கு வர்லீன்னா அப்பறம் எப்பவும் வர வேண்டாம்."

ஸ்டோர்ஸுங்கண்ணா! பஞ்சு மூட்டை எண்ணறதுக்கு! மில்லுல என்னைய என்னன்னு கூப்புடுவாங்க? மேனேஜரம்மா ஊட்டுக்காரருன்னு கூப்புடுவாங்க. அருணகிரிதான் அந்த மில்லுக்கும் ஆடிட்டரு. அவன் வந்து அவகிட்டக் கணக்குக் கேப்பான், நான் ஸ்டோர்ஸுல இருந்து பைல் தூக்கிட்டுப் போகணும்.

பாப்பா டெய்லியும் போன் பேசும். "அப்பா, எனக்கு ஜன்னல் ரூமு. நீங்க வந்தா சத்தமாப் படிக்கலாம்"னுது. நேத்துப் பேசும்போது, "நாளைக்கு எந்த பஸ்சுல வர்றீங்க"ன்னு கேட்டுது. சொல்றேன்னேன்.

அட, ஏனுங்க கையப் புடிச்சு இழுக்கறீங்க? தெரியுதுங்க. வாட்ச்மேன் கேட்டச் சாத்தப் போறது எனக்குந் தெரியுது. இருங்க, ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேளுங்க. கணக்குப் படிச்சவனுக்கு வார்த்தை முக்கியம். சட்டத்துல ஒரு வார்த்தை எடம் மாறுனா அர்த்தமே மாறிரும். அவ என்ன சொன்னா? கடைசித் தாளு எழுதுன அன்னிக்குன்னா. மே மாசம்னு தேதி போட்டா சொன்னா? இல்லையே. எழுதுனாத்தானுங்க அந்த அன்னிக்குங்கறதே வரும். எழுதலீன்னா? அந்த நாளே இன்னும் வர்லீன்னுதானே அர்த்தம்? நவம்பர்ல மறுக்காவும் பரீட்சை வருது, அப்ப எழுதலாம். நவம்பர்ல எழுதி, பாஸ் பண்ணி, ஆடிட்டராப் போயி அந்த மில்லு கேட்டுல எறங்குனா ஸ்டோர்ஸுக்கா அனுப்புவாங்க? அவளே எந்திரிச்சு நிப்பா.

சாத்திட்டாங்களா?

சாத்தட்டும். சாத்தட்டும் விடுங்க. ஏனுங் அப்படிப் பாக்கறீங்க? உங்க பாப்பா நல்லா எழுதும், நீங்க வெசனப்படாம உக்காருங்க. எனக்கு ஒண்ணுமில்லை. வெயிலு. வெயிலுக்குக் கண்ணுல தண்ணி வரும்.

என்ற போனுதான் அடிக்குது. ரேணுகா. பாருங்க, இந்நேரத்துக்கு எதுக்குக் கூப்புடறா? நான் உள்ள உக்காந்து எழுதிட்டிருப்பேன்னு தெரியுமல்ல? தெரிஞ்சுட்டே கூப்புடறா. எடுக்கறனா இல்லையான்னு பாக்கறா. அணைச்சு வெக்காம உட்டுட்டேன் பாருங்க, புத்திகெட்டவன்.

அண்ணா, ஒரு ஒத்தாசை. நீங்க எடுத்துப் பேசுங்க. உள்ள போனு விட மாட்டாங்கன்னு எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாருன்னு சொல்லுங்க. புடிங்கண்ணா, நின்னுரும். பாப்பா குரலா இருந்தாலும் அதையேதான் சொல்லணும். அப்பா உள்ள எழுதிட்டிருக்காருன்னு சொல்லுங்க.